இரண்டு கார்புரேட்டர்கள், ஒரே மூச்சு

வில்லியனூரிலிருந்து உறுவையாறு செல்லும் சாலையோரம் ஒரு மெக்கானிக் கொட்டகை. கீற்றுக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண் தரை, பலகையில் வரிசையாக மாட்டிய ஸ்பானர்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஒரு பழைய ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிள் உறுமிக் கொண்டிருந்தது. மெக்கானிக் வண்டிக்குப் பின்னால் குந்தி, இரண்டு சைலன்சர்களுக்கும் ஒரு முழம் தள்ளி இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிக் கண்களை மூடிக்கொண்டிருந்தார். பார்த்தால் ஏதோ பூசை செய்பவர் போலத் தோன்றும்.

"இடது பக்கம் சோம்பல் படுது, தம்பி" என்றார் கண்ணைத் திறக்காமலே.

வண்டியின் சொந்தக்காரரான இளைஞர் கவலையோடு நின்றார். அது அவருடைய தந்தை ஓட்டிய வண்டி. போன மாதம் சாலையில் வேகமாகப் போகும்போது இடது சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. பிஸ்டன் நின்றால் கிராங்க் நிற்கும். கிராங்க் நின்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நல்ல வேளையாக அவர் உடனே கிளட்சைப் பிடித்துவிட்டார். வண்டி சறுக்கிக்கொண்டு போய் நின்றது. அடி எதுவும் இல்லை. இப்போது புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. ஆனால் ஏன் இடது பிஸ்டன் மட்டும் பிடித்தது? காரணம் தெரியாமல் ஓட்டினால் புதுப் பிஸ்டனுக்கும் அதே கதிதான்.

இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் முதலில் கார்புரேட்டர் என்ன வேலை செய்கிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் தானாக எரிவதில்லை. காற்றோடு கலந்தால்தான் எரியும். எவ்வளவு காற்று? ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கிராமில் சொன்னால் இது பெரிதாகத் தெரியாது. கன அளவில் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க 9,000 லிட்டருக்கு மேல் காற்று தேவை! நம் வண்டிகள் உண்மையில் பெட்ரோலைவிடக் காற்றைத்தான் அதிகம் குடிக்கின்றன.

ராஜ்தூத் 350இன் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 173 கன சென்டிமீட்டர். அது நிறையக் காற்றை இழுத்தாலும் அந்தக் காற்றின் எடை 0.2 கிராம்தான். அதற்கேற்ற பெட்ரோல், ஒரு சொட்டில் பாதிகூட இல்லை. இதை நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, நொடிக்கு நூறு முறை, ஒவ்வொரு முறையும் சரியாக அளந்து கொடுக்க வேண்டும். எந்த மருந்துக்கடைக்காரரால் முடியும்? கார்புரேட்டர் செய்கிறது. அதற்கு மின்சாரம் கிடையாது, மூளை கிடையாது. காற்றழுத்தம் ஒன்றுதான் அதன் தராசு.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். டம்ளர் நிறைய நீர் எடுத்து அதில் ஒரு உறிஞ்சு குழலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். குழலின் மேல்நுனி நீர்மட்டத்துக்கு மேல் ஒரு விரற்கடைதான் இருக்க வேண்டும். இன்னொரு குழலால் அந்த நுனியின் குறுக்கே பலமாக ஊதுங்கள். குழலின் விளிம்பில் வளைந்து ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. டம்ளரிலுள்ள நீரை வளிமண்டலம் மேலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே குழலில் நீர் ஏறும். நன்றாக ஊதினால் தூறலாகச் சிதறும்.

கார்புரேட்டரில் காற்று ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. குழாயின் நடுவே ஓரிடம் குறுகலாக இருக்கும். குறுகிய இடத்தைக் கடக்கக் காற்று வேகமெடுக்க வேண்டும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். இந்த உறவை 1738இல் வெளியான தம் நூலில் விளக்கியவர் டேனியல் பெர்னோலி. குறுகிய குழாயில் இதை ஆராய்ந்த இத்தாலியரான வென்சுரியின் பெயரால் அந்த இடுக்கை இன்றும் வென்சுரி என்கிறோம். காற்று நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் அதைக் கடந்தால் அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு குறையும். இவ்வளவுதானா என்று எண்ண வேண்டாம். பெட்ரோலை ஒரு சாண் உயரத்துக்கு மேலே ஏற்ற இது போதும். கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்திலிருந்து வென்சுரி வரை பெட்ரோல் ஏற வேண்டிய உயரமோ அதைவிட மிகக் குறைவு. காற்று அதிகம் ஓடினால் இழுப்பும் அதிகம். பெட்ரோலும் அதிகம் வரும். காற்றே தனக்கு வேண்டிய பெட்ரோலை அளந்து எடுத்துக்கொள்கிறது என்றும் சொல்லலாம். 1893இல் ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்ற இரு பொறியாளர்கள் இப்படிப்பட்ட ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

ஆனால் இந்தத் தராசு எல்லா வேகத்திலும் சரியாக நிறுக்காது. அதனால் கார்புரேட்டருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வைத்திருக்கிறார்கள். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது, அதாவது ஐடிலில், பைலட் ஜெட் என்ற நுண்துளை பெட்ரோல் தருகிறது. அதனோடு சேரும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஏர் ஸ்க்ரூ இருக்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஸ்லைடு என்ற உருளை மேலே எழும்பிக் காற்றுக்கு வழிவிடும். அதன் அடியில் தொங்கும் கூரிய நீடில், துளையிலிருந்து மெல்ல மெல்ல விலகிப் பெட்ரோலைக் கூட்டும். முழுவதும் முறுக்கிவிட்டால் மெயின் ஜெட்டின் துளைதான் எல்லை. டியூனிங் என்பது இவற்றை ஒன்றோடொன்று இசைய வைப்பதே.

இனி நம் வண்டிக்கு வருவோம்.

ராஜ்தூத் 350 சாதாரண வண்டி அல்ல. ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350ஐ அடியொற்றி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் நம் நாட்டில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி இது. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் தயாரிப்பு நின்றுவிட்டது. சென்னை திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுக்கு ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர். ராஜ்தூத் 350க்கு இரண்டு சிலிண்டர்கள், இரண்டு கார்புரேட்டர்கள், இரண்டு சைலன்சர்கள். ஏறக்குறைய இரண்டு தனி எஞ்சின்கள் ஒரே கிராங்கில் பூட்டப்பட்டிருக்கின்றன என்றே கொள்ளலாம். டூ-ஸ்ட்ரோக் ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும்.

"இரட்டை மாட்டு வண்டி மாதிரிதான் சார் இது. ஒரு மாடு இழுத்து ஒரு மாடு சும்மா நடந்தா நுகத்தடி கோணிக்கும். இழுக்கிற மாடு சீக்கிரம் படுத்துக்கும்" என்றார் மெக்கானிக் என்னிடம்.

அவர் முதலில் தொட்டது கார்புரேட்டரை அல்ல. இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே உள்ள பிளாட்டினம் பாயிண்டுகளின் இடைவெளியையும், தீப்பொறி எழும் நேரத்தையும் பார்த்தார். தீப்பொறி தப்பினாலும் எஞ்சின் கார்புரேட்டர் கெட்டது போலவே நடிக்கும் என்பது அவர் வாதம். கார்புரேட்டர் மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பாதி அது செய்யாதவை என்றும் சொன்னார். கணக்கு எப்படியோ, வரிசை சரிதான்.

பிறகு காற்று வடிகட்டியைக் கழற்றினார். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் ஒரு விரலை நுழைத்து ஸ்லைடின் அடியில் வைத்துக்கொண்டார். இளைஞர் ஆக்சிலேட்டரை மெதுவாக, மிக மெதுவாக முறுக்கினார்.

"வலது ஏறிடுச்சு... இப்பதான் இடது அசையுது."

கைப்பிடியிலிருந்து வரும் கம்பி ஒன்றுதான்; வழியில் அது கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை இடது ஸ்லைடுக்கு, ஒன்று வலது ஸ்லைடுக்கு, மூன்றாவது எண்ணெய்ப் பம்புக்கு. காலப்போக்கில் இந்தக் கம்பிகள் சமமாக நீள்வதில்லை. இடது கம்பி சற்றுத் தளர்ந்திருந்தது. ஆகவே இடது ஸ்லைடு பிந்தி எழுந்தது. எவ்வளவு பிந்தியது? கால் மில்லிமீட்டர் இருக்கலாம். இது ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். முழுவதும் திறந்த நிலையில் பொருட்டே அல்ல. ஆனால் ஐடிலில் ஸ்லைடு திறந்திருப்பதே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதில் கால் மில்லிமீட்டர் குறைந்தால் வழியில் கால் பங்கு அடைபட்டது போல. இரட்டைக் கார்புரேட்டர் வண்டிகள் சந்தடி மிகுந்த தெருவில் திணறி, நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுவதன் ரகசியம் இதுதான்.

கார்புரேட்டர் தலையிலுள்ள திருகைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, இரு விரல்களும் ஒரே கணத்தில் அசைவை உணரும் வரை சரிசெய்தார். அதற்குப் பின் மூன்றாவது கிளையையும் மறக்கவில்லை. எண்ணெய்ப் பம்பின் கப்பியில் ஓர் அடையாளம் உண்டு. அது குறியோடு பொருந்துகிறதா என்று பார்த்தார். ஸ்லைடுகள் முந்தி, பம்பு பிந்தினால் எஞ்சினுக்கு எண்ணெய் குறையும். இதைச் சரிபார்க்காமல் விடுகிறவர்கள் பலர்.

அடுத்தது ஏர் ஸ்க்ரூ. இரண்டையும் மென்மையாக இறுக்கி மூடி, பின்பு ஒன்றரைச் சுற்று திறந்தார். இது தொடக்கம் மட்டுமே. எஞ்சினைக் கிளப்பி, சூடான பிறகு, வலது பிளக்கின் இணைப்பைக் கழற்றி அதன் தீப்பொறி உடல் உலோகத்துக்குப் போகும்படி வைத்துவிட்டு, இடது சிலிண்டரை மட்டும் தனியே ஓட விட்டார். ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பினார். ஓட்டம் ஓரிடத்தில் மிக வேகமாகவும் சீராகவும் இருந்தது. அதுதான் அந்தச் சிலிண்டருக்குப் பிடித்த கலவை. பிறகு வலப்பக்கமும் அப்படியே. கடைசியில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, மறுபடி சைலன்சர்களுக்குப் பின்னால் கையை நீட்டினார். உள்ளங்கையில் விழும் மூச்சு இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

(மாணவர்களே, இதையெல்லாம் நீங்களாக முயல வேண்டாம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் ஓடும் எஞ்சின் ஆளைக் கொல்லும். கொட்டகைக்குச் சுவர் மூன்று பக்கமும் இல்லாதது ஏழ்மையால் மட்டும் அல்ல.)

வேலை முடிந்தது என்று நினைத்தேன். மெக்கானிக்குக்குத் திருப்தி இல்லை. ஆக்சிலேட்டரை ஒரு முறை முறுக்கிச் சட்டென்று விட்டார். சத்தம் எழும்பியது, ஆனால் உடனே இறங்காமல் சிறிது நேரம் மேலேயே தொங்கிப் பிறகுதான் இறங்கியது. இடது பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அதன் நுனி சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. வலது பிளக்கோ பிஸ்கட் நிறத்தில் இருந்தது.

பிளக்கின் நிறம் ஒரு நோயாளியின் நாக்கைப் போன்றது. பெட்ரோல் மிகுந்தால் எரியாத கரி படிந்து கறுக்கும். அளவாக இருந்தால் இளம் பழுப்பு. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் வெளுக்கும். பெட்ரோல் குறைந்தால் சூடும் குறையத்தானே வேண்டும் என்று உங்களில் சிலர் எண்ணலாம். அப்படி அல்ல. உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கிறது. உபரியாக வரும் சிறிதளவு பெட்ரோல் எரிப்பின் கடுமையையும் தணிக்கிறது. அந்த உபரி போய்விட்டால் சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும்.

இங்கே ஒரு கணக்கு போடுவோம். இந்த வண்டியின் பிஸ்டன் அலுமினியக் கலவை. விட்டம் 64 மி.மீ. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு பெருக்கும். பிஸ்டன் வழக்கத்தைவிட 50 டிகிரி அதிகம் சூடானால், 64ஐ 23ஆலும் 50ஆலும் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுங்கள். விடை 0.07 மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு தலைமயிரின் கனம் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே விட்டிருக்கும் இடைவெளியும் மயிரிழை அளவே! சிலிண்டரின் உட்சுவர் இரும்பு. இரும்பு அலுமினியத்தில் பாதி அளவே பெருக்கும். அதோடு அதன் வெளிப்புறத்தில் காற்று வீசிக் குளிர்விக்கிறது. ஆக, பிஸ்டன் பெருக்கும், சுவர் அந்த அளவுக்கு விலகாது. எண்ணெய்ப் படலம் பிழிந்து வெளியேறும், உலோகம் உலோகத்தோடு உரசும், இறுகிப் பிடித்துக்கொள்ளும். அன்று சாலையில் நடந்தது இதுதான்.

அப்படியானால் இடது சிலிண்டருக்கு உபரிக் காற்று எங்கிருந்து வந்தது? ஸ்லைடுகள் சமம்; ஏர் ஸ்க்ரூ சரி. மெக்கானிக் ஒரு கிண்ணத்தில் சோப்பு நீர் கரைத்துக்கொண்டு வந்தார். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் கழுத்தின் மேல், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தூரிகையால் அந்த நீரைத் தடவினார். மேற்புறம் தடவினார், ஒன்றும் இல்லை. அடிப்புறம் தடவியதும் ஓட்டத்தின் சுருதி சட்டென்று மாறியது! ரப்பரின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு. சோப்பு நீர் அதைக் கணநேரம் அடைத்ததும் எஞ்சினுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. வென்சுரியைத் தாண்டிய பிறகு இந்த வெடிப்பு வழியாக நுழையும் காற்று, பெட்ரோலை இழுக்காமலே உள்ளே போகிறது. தராசில் ஏறாத சரக்கு! கார்புரேட்டரை எத்தனை முறை டியூன் செய்தாலும் இது தீராது.

நாற்பது வயதான ரப்பர் வெடிப்பதில் வியப்பில்லை. ஆனால் மெக்கானிக் இன்னொரு காரணமும் சொன்னார். அது எனக்குப் புதிது, உங்களுக்கும் பயன்படும்.

இந்த வண்டி பிறந்த 1983இல் பங்கில் கிடைத்த பெட்ரோல் வேறு, இன்றைய பெட்ரோல் வேறு. அன்று அதில் ஈயச் சேர்மம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் அது நாடு முழுவதும் நீக்கப்பட்டது. நல்லதே நடந்தது. பிறகு கரும்பு, தானியங்கள் முதலியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலைப் பெட்ரோலோடு கலக்கத் தொடங்கினார்கள். 2022இல் கலப்பு பத்து சதவீதத்தை எட்டியது. 2025இல் இருபது சதவீதம். இறக்குமதி எண்ணெய்க்குச் செலவாகும் அந்நியச் செலாவணி இதனால் மிச்சமாகிறது. ஆனால் எத்தனால் மூலக்கூறில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே அது எரியக் காற்று குறைவாகவே வேண்டும். ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்று போதும். இருபது சதவீதக் கலவைக்கு இது சுமார் 13.5 கிராம் ஆகிறது. அதாவது அதே காற்றுக்கு முன்னைவிட எட்டு அல்லது ஒன்பது சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும்.

புதிய வண்டிகளுக்கு இது பெரிய விஷயம் அல்ல. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதிகள் வந்ததும் நம் மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசி வந்துவிட்டது. புகைக்குழாயிலுள்ள உணரி ஆக்சிஜனை அளந்து சொல்ல, சிறு கணிப்பொறி ஒன்று பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பாவம், கார்புரேட்டருக்கு இந்தச் செய்தியெல்லாம் யார் சொல்வது? 1983இல் துளையிட்ட அளவிலேயே அது இன்றும் அளந்து ஊற்றுகிறது. ஆகவே கலவையில் காற்று எப்போதும் சற்றே மிகுதி. போதாக்குறைக்கு எத்தனால் சில பழைய ரப்பர்களைக் கெடுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் கார்புரேட்டர்க் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதை இந்த மெக்கானிக் ஆண்டுதோறும் பார்க்கிறாராம். நாள் கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கிண்ணம் காலியாகும் வரை ஓடவிட்டு நிறுத்தும்படி எல்லோருக்கும் சொல்கிறார்.

எட்டு சதவீதம் அதிக பெட்ரோல் வர மெயின் ஜெட்டின் துளையை எவ்வளவு பெரிதாக்க வேண்டும்? துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே விட்டம் நான்கு சதவீதம் கூடினால் போதும். துளை ஒரு மில்லிமீட்டர் என்றால் கூட வேண்டியது 0.04 மி.மீ. மீண்டும் அந்த மயிரிழைக் கணக்கே வந்துவிட்டது! இதைத் துளைக்கும் கருவியால் குடைந்து செய்யக் கூடாது. கை சற்றுத் தவறினால் எல்லை மீறிவிடும். ஜெட்டுகள் எண் பொறித்தே கிடைக்கின்றன. எண் கூடினால் ஓட்டம் கூடும்.

மெக்கானிக் இடது ரப்பர்க் கழுத்தை மாற்றினார். வலதையும் மாற்றினார், ஒன்று வெடித்தால் கூடப் பிறந்ததை நம்ப முடியாது என்றார். இரண்டு கார்புரேட்டர்களிலும் அடுத்த எண் ஜெட்டைப் போட்டார். நீடிலின் தலையில் ஐந்து வரிகள் இருக்கும். அதில் மாட்டும் கிளிப்பை ஒரு வரி கீழே இறக்கினார். கிளிப் இறங்கினால் நீடில் உயரும். நடு வேகத்திலும் பெட்ரோல் சற்றுக் கூடும். பிறகு விரல் வைத்துப் பார்ப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தார். முன்பு செய்தது வீண்தானே என்று கேட்டேன். "வெடிப்பைக் காட்டிக் கொடுத்ததே அதுதானே சார்" என்றார்.

இளைஞர் வண்டியை ஏம்பலம் பக்கம் ஓட்டிச் சென்றார். புதுப் பிஸ்டன் ஆகையால் நிதானமாகவே போகச் சொல்லியிருந்தார் மெக்கானிக். இடது கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்சின் மேல் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. திரும்பி வரும்போது கொட்டகைக்குச் சற்று முன்னால் எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி உருண்டு வந்து நின்றார். ஐடிலில் ஓட விட்டால் பிளக்கின் நிறம் மாறிவிடும் அல்லவா? சூடு ஆறியதும் இரண்டு பிளக்குகளையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்கள். எது இடது, எது வலது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் பிஸ்கட் நிறம்.

மெக்கானிக் ஒரு சாக்குக் கட்டியை எடுத்து, ஸ்பானர் பலகையின் ஓரத்தில் வண்டி எண்ணுக்குக் கீழே எழுதி வைத்தார்: இடது ஒன்றரை, வலது ஒன்றே முக்கால்.